எண்பதினாயிரம் கலம்

சுவாமிமலையின் அறுபது படிகளை, படிக்கொரு தமிழாண்டின் பெயர் சொல்லி ஏறுகிற பக்தன், உச்சியில் தரிசிப்பது தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளையை. பிரணவத்தின் பொருளைக் கேட்க விரும்பினால் சீடராக அமர்ந்து செவி கொடுக்க வேண்டும் என்று அப்பிள்ளை விதித்த நிபந்தனையைச் சர்வலோகத்துக்கும் தகப்பனானவர் மறுக்காமல் ஏற்றார் என்று ஸ்தலபுராணம் சொல்லுகிறது. காவிரி வண்டலில் அச்செடுத்துத் திருமேனிகளை வார்க்கும் ஸ்தபதிகளும், வெற்றிலைக் கொடிக்காலும், நெல் வயலும் சூழ்ந்த இந்த ஊரின் மக்களுக்கு, வயதில் இளையவர் வாயிலிருந்து வரும் நல்வார்த்தைக்கு முதியவர் செவி தாழ்த்துவது தொன்றுதொட்டுப் பழகிய மரபு. அதனால்தானோ என்னவோ, இந்த டெல்டாவின் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கிறிஸ்தவ சபைகளில், மீசை அரும்பிய உபதேசியார் ஒருவர் எழுந்து நின்று பேசும்போது, அவருடைய பாட்டன் வயதொத்த விவசாயத் தொழிலாளிகள் தோள்துண்டை மடியில் போட்டுக்கொண்டு அத்தனை சிரத்தையாகக் கேட்கிறார்கள்.

குருப்பட்டம் பெற்ற ஐயர் பல சபைகளைச் சேர்த்துப் பார்ப்பவராதலால், திருவிருந்துக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோதான் வர முடிகிறது. மற்ற ஞாயிறுகளின் பாரமெல்லாம் உபதேசியார் தலையில். பிரசங்கம் செய்வதும், பிணியாளர் வீட்டில் ஜெபிப்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும், காணிக்கைப் பையை எண்ணிக் குறித்து வைப்பதும் அவருடைய ஊழியமே. வார்த்தையும் பணமும் ஒரே கையால் நிர்வகிக்கப்படுகிற இந்த ஸ்திதியைப் பெரிய பட்டணத்துச் சபைகள் மறந்துவிட்டன; அங்கே பிரசங்க மேடை ஒருவருக்கும், கணக்கேடு இன்னொருவருக்கும் ஆகிவிட்டபடியால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்ற எண்ணம் நாளடைவில் வேரூன்றிவிட்டது. ஆண்டுக்கொருமுறை உக்கிராணத்துவ ஞாயிறு என்று ஒன்று வரும். அன்று தசமபாகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் நடக்கும். கேட்பவர்களும் இது பணம் கேட்கும் வாரம் என்று அறிந்து பொறுமையாக உட்கார்ந்திருந்து கலைவார்கள். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சிறுத்துப் போனது எனக்கு உண்மையாகவே துக்கமளிக்கிறது.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தால் போதும். அங்குள்ள அரிசியில் ஒரு மணியும் அவருடையதன்று. ஆயினும் பந்தியில் ஒருவருக்கு இலையில் சோறு விழாவிட்டால் பழி அவர்மேல். ஒரு தேங்காய் அவர் வீட்டுக்குப் போனாலும் பழி. தீர்ந்துவிடுமோ என்று அஞ்சிப் பூட்டி வைத்த காய்கறி மறுநாள் அழுகினாலும் பழி. பிரசங்கியின் நிலைமையும் இதுவே. அவர் வாயிலிருந்து வரும் வசனம் அவருடைய சொத்தன்று. அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கேட்பவரின் பசியறியாமல் வாரியிறைக்கவும் கூடாது. சிலருக்கு மட்டும் பரிமாறி மற்றவரைத் திண்ணையில் காக்க வைக்கவும் கூடாது. சபையின் களஞ்சியத்துக்கும் சபையின் வசனத்துக்கும் சாவி ஒன்றே என்பதும், ஒன்றில் நேர்மை குறைந்தால் மற்றொன்று தானே பூட்டிக்கொள்ளும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். இதற்குத் தஞ்சாவூர்ச் சரித்திரத்தைக் காட்டிலும் பிரத்தியட்சமான சாட்சி வேறெங்கும் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

பிராண்டன்பர்க் நாட்டில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ், வந்த சில மாதங்களுக்குள்ளாகவே, அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயத்தில் தமது முதல் தமிழ்ப் பிரசங்கத்தைச் செய்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, விவாகமின்றி, சொற்ப ஊதியத்தில் எளிய உணவுண்டு, தமிழோடு மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்று, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே உயிர் நீத்தார். இந்த விவரங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் நின்று பார்க்க விரும்புவது ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தை.

1781-ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில், சோழநாட்டு வயல்கள் குதிரைக் குளம்புகளால் துவைக்கப்பட்டு, மதகுகள் உடைக்கப்பட்டு, ஜனங்கள் கோட்டையை நோக்கி ஓடிவந்து தெருக்களில் பசியால் மடிந்துகொண்டிருந்த வேளையில், தஞ்சைக் கோட்டைக்குள் இருந்த படைக்கே அரிசி இல்லை. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதைச் சுமந்து வர மாடுகளும் இருந்தன. ஆனால் குடிகள் கொடுக்க மறுத்தார்கள். மறுத்ததற்குக் காரணமும் இருந்தது: முன்னே நெல் கொண்டுவந்தவர்களுக்குச் சேர வேண்டிய கிரயத்தை இடையில் நின்ற துபாஷிகள் விழுங்கிவிட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் வாக்குக்கும் ஆங்கிலக் கும்பெனியின் வாக்குக்கும் அந்த வயற்காட்டில் மதிப்பே இல்லாமல் போயிற்று. தஞ்சை மன்னர் துளஜா மகாராஜா அதை உள்ளபடியே ஒப்புக்கொண்டார். நம் இருவர் பேச்சையும் இனி யாரும் நம்பப்போவதில்லை, அந்தப் பாதிரியை நம்புவார்களா என்று பார்ப்போம் என்ற கருத்தில் சொல்லி, என்ன உடன்படிக்கை வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி சுவார்ட்ஸ் ஐயருக்கு வெற்றுக் காகிதத்தையே அதிகாரப் பத்திரமாக அனுப்பினார்.

சிப்பாய்கள் பசியால் தெருவில் விழுந்து கிடந்த காட்சியை ஒவ்வொரு நாளும் கண்டுகொண்டிருந்த ஐயருக்கு யோசிக்க நேரமில்லை. மாடு கொடுப்பவர்களுக்கும் நெல் கொண்டுவருபவர்களுக்கும் தாமே தம் கையால் பணம் தருவதாக ஊர்களுக்குச் செய்தி அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. அவர் அனுப்பிய உபதேசியார் ஒருவரும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிருக்குத் துணிந்து சென்று கோட்டைக்குள் கொண்டுவந்த நெல் 80,000 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்ற நம் கணக்கில் அது ஏறக்குறைய பத்து லட்சம் மரக்கால். இறங்கிய நெல்லுக்கு ஒவ்வொருவருக்கும் உரிய பணத்தை ஐயர் தாமே முன்னின்று செலுத்தினார் என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் உயிர்நிலை. பேச்சின்மேல் வந்த நெல்லுக்கு அவர் பேசியபடியே கணக்குத் தீர்ந்தது.

இதற்கிடையே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நெல்லால் பிழைத்தது பசித்த ஜனங்கள் மட்டுமல்லர். கும்பெனியின் படையும் பிழைத்தது, அதன் மூலம் கும்பெனியின் ஆதிக்கமும் இந்நாட்டில் நிலைத்தது. பாதிரிமாரின் நற்பெயர் அந்நிய அரசுக்கு அரணாக அமைந்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. அதை மறைத்துச் சுவார்ட்ஸைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த குடியானவன் கும்பெனிக்காக வரவில்லை. தன் கூலியை யாரும் தின்னமாட்டார்கள் என்ற நிச்சயத்தில் வந்தான். அந்த நிச்சயம் ஒரு நாளில் விளைந்ததன்று. சந்தை வெளியிலும், சத்திரத்துத் திண்ணையிலும், ஆற்றங்கரையிலும் முப்பது வருஷமாக அவர் செய்த பிரசங்கங்களைக் கேட்டவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. பெறாதவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பெறாத அந்த ஆயிரம் பேருக்கு அவருடைய வார்த்தை வீணாகிவிட்டது என்று மிஷன் கணக்கேடு எழுதியிருக்கலாம். நெல் வந்த அன்று அது வீணாகவில்லை என்று தெரிந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் இதைச் சேர்ந்ததே. யுத்தம் ஓய்ந்த பின், அரசாங்க அதிகாரிகளின் கொடுமை தாளாமல் வேற்றூருக்கு ஓடிப்போன உழவர்கள் திரும்பாமையால், நடவுப் பருவம் தவறி வயல்கள் தரிசாகக் கிடந்தன. அரசர் கேட்டுக்கொண்டதன்பேரில் சுவார்ட்ஸ் ஐயர் அவர்களுக்கு நியாயம் செய்யப்படும் என்று வாக்களித்து அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். காலம் கடந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட, தாங்கள் இரவும் பகலும் உழைத்து ஈடு செய்வதாக அவர்கள் பதிலுரைத்தார்கள். 1779-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது போனபோது ஹைதர் அலி வழிச்செலவுக்காகக் கொடுத்த 300 ரூபாயை அவர் என்ன செய்தார் என்பதும் பலர் அறியாத செய்தி: அதைச் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார், அவர்கள் ஏற்காமல் திருப்பித் தந்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மூலதனமாக்கினார். எதிரி கொடுத்ததானாலும் நண்பர் கொடுத்ததானாலும், கைக்கு வந்தது தம்முடையதன்று என்ற தெளிவு அவரிடம் இருந்தது. அவரைத் தம் குருவாகவும் தகப்பனாகவும் எண்ணிய சரபோஜி மகாராஜா, சிற்பி ஃப்ளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் நினைவுச் சின்னம், சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவராகாத அரசர் ஒருவர் கிறிஸ்தவ ஊழியருக்கு எழுப்பிய அச்சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம், உபதேசத்தின் பலனை மதமாற்றத்தின் அளவுகோலால் மட்டும் அளப்பது எவ்வளவு குறுகிய கணக்கு என்று எனக்குத் தோன்றும்.

தம்மைப் போலவே தம் உபதேசிமாரையும் அவர் கணக்குக்கு உட்படுத்தினார். காலையில் அவர்களைக் கூட்டி ஜெபித்து, எந்த ஊருக்கு யார் போவது என்று பங்கிட்டு அனுப்புவார். மாலையில் திரும்பி வந்ததும் எங்கே போனீர்கள், யாரிடம் என்ன பேசினீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டறிவார். பேசிய பேச்சுக்கு அன்றன்று மாலை கணக்கொப்புவிக்கும் வழக்கம்! ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் பேசி இறங்கிய பின், கேட்டவர் வீட்டுக்கு என்ன கொண்டு போனார் என்று விசாரித்தறியும் பிரசங்கிகள் இன்று எத்தனை பேர்? அந்தப் பயிற்சியிலிருந்து வந்தவர்தான் சத்தியநாதன். 1790-இல் குருப்பட்டம் பெற்ற அவருடைய தமிழ்ப் பிரசங்கம் ஒன்று ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, 1792-இல் லண்டனில் அச்சாயிற்று. நம் நாட்டு ஊழியர் ஒருவரின் வாக்கைச் சீமையார் அமர்ந்து வாசித்தார்கள். அதற்கும் முன்னே, 1733-இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டண்டு சபைகளின் முதல் இந்தியக் குருவாக, மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் நடந்தே ஊழியம் செய்தார். இந்த டெல்டாவின் பிரசங்க பாரம்பரியம் ஆதியிலிருந்தே உபதேசிமாரின் கால்களால் நடந்த பாரம்பரியம்.

ஆயினும் வசனத்தின் உக்கிராணத்தில் மிகப் பெரிய களவு நடந்ததும் இதே தஞ்சாவூரில்தான். ஆலயத்தில் ஜாதிக்கொரு பக்கமாகப் பாய் விரிக்கப்பட்டது. திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தைத் தொடுவது என்பதே வழக்காயிற்று. பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் இவ்வேற்றுமை ஒழிய வேண்டுமென்று நிருபம் எழுதியபோது, தஞ்சைச் சபையில் பலர் அதற்கு இணங்காமல் பிரிந்தார்கள். சுவார்ட்ஸிடம் வளர்ந்தவரும், பெத்லகேம் குறவஞ்சி பாடியவரும், கதாகாலட்சேப முறையைக் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் கொண்டுவந்து இன்றுவரை நாம் பாடும் பாட்டுகளைத் தந்தவருமான வேதநாயக சாஸ்திரியாரே ஜாதி ஆசாரத்தின் பக்கம் நின்றார் என்பதை, அவருடைய தமிழை எவ்வளவு நேசித்தாலும், என்னால் மறக்க முடியவில்லை. சுவார்ட்ஸ் ஐயரும் இதில் கண்டிப்புக் காட்டாமல் காலம் மாற்றும் என்று விட்டுவைத்தார். ஒரே தகப்பனின் பந்தி என்று மேடையில் சொல்லிவிட்டு, கீழே இரண்டு பந்தி போட்ட அன்று பிரசங்கத்தின் களஞ்சியமே கொள்ளை போயிற்று. அந்த நஷ்டத்தை இன்னும் நம் சபைகள் முழுவதும் ஈடு செய்து முடிக்கவில்லை. கல்லறைத் தோட்டங்களில் இன்னமும் நிற்கும் குறுக்குச் சுவர்களைக் கண்டவர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கொடுப்பதைப் பற்றிய பிரசங்கத்துக்கு வருவோம். இந்த டெல்டாவில் நெல் என்பது உவமானப் பொருளன்று. கூலி நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டதற்காகவும், சங்கத்தை விட மறுத்ததற்காகவும், 1968 டிசம்பர் 25 இரவில், உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவில், கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணில் நின்று ஏழையிடம் பத்தில் ஒன்று கேட்கிற பிரசங்கி, அந்த ஏழைக்குச் சேர வேண்டிய பத்தும் சேர்ந்ததா என்று நிலம் வைத்திருப்பவனிடமும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், அவர் பரிமாறுவது பாதிப் பந்திதான்.

ஏழைகள் கொடுக்காதவர்களா என்றால், உண்மை அதற்கு நேர் மாறானது. தமிழ்நாட்டுச் சபைகளில் பிடி அரிசி என்றொரு வழக்கம் தலைமுறைகளாக உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போதே, வீட்டுப் பெண் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். வார முடிவில் அது பையில் ஆலயத்துக்குப் போகும். வீட்டுக்காரரின் சம்பளத்தையோ, அவருடைய அனுமதியையோ எதிர்பாராமல், தன் கைக்கு எட்டிய பொருளிலிருந்து அவள் தானே கொடுக்கும் காணிக்கை அது. மிசோரம் மலைநாட்டுச் சபைகளும் 1910 முதல் இதே பிடி அரிசியைக் கொண்டு ஊழியர்களை அனுப்பி வருகின்றன. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, 1912-இல் தோர்ணக்கல்லின் பிஷப்பான வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கிறிஸ்தவனின் கொடையைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. கடனில் மூழ்கிய தெலுங்குக் கூலித் தொழிலாளிகளின் சபையிலிருந்தே அவர் அதைக் கற்றார். கொடுக்க இயலாதவர் என்று ஒருவரை ஒதுக்குவது அவரை அவமதிப்பதாகும் என்பது அவர் வாழ்க்கை முழுவதும் காட்டிய கொள்கை. சீமைப் பணத்தில் நடக்கும் சபைக்குச் சொந்த வாய் இராது என்பதை அவர் கண்டிருந்தார்.

கும்பகோணத்துக்கு மேற்கே, ஒரு சிறு சபையின் அறுப்பின் பண்டிகையைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்தேன். சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். பலிபீடத்துக் கிராதியில் கதிர்க்கட்டுகள் சாத்தியிருந்தன; கீழே வாழைத்தார், பூசணி, தேங்காய், தூக்குவாளியில் உமிக்குள் புதைத்த முட்டைகள்; வாழைநாரால் கால் கட்டிய கோழி ஒன்று ஜெபத்தின் நடுவே இடைவிடாமல் கேறிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவி, கடைத்தெருவில் அப்போது எட்டு ரூபாய்க்குக் கிடைத்த முட்டையை ஒருவர் ஐம்பது ரூபாய்க்கு எடுத்து, அதையே மறுபடியும் ஏலத்துக்குக் கொடுத்தார்; இரண்டாம் முறை அது எழுபதுக்குப் போயிற்று. சந்தோஷமான ஆரவாரம். அதற்கு நடுவே, மஞ்சள் பையில் அரைப்படி அரிசி கொண்டுவந்திருந்த ஒரு மூதாட்டி, ரசீதுப் புத்தகத்துடன் நின்ற பொருளாளரை நெருங்கி, "தம்பி, போன வருஷத்து ஏலப் பணம் என்ன ஆச்சுன்னு சபையில சொல்லவே இல்லியே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கமிட்டியில படிச்சாச்சு, பாட்டி."

"கமிட்டியில நானா இருக்கேன்?"

இதைவிடத் தெளிவான பிரசங்கத்தை உக்கிராணத்துவத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. திருச்சபைகளின் தேர்தலையும் சொத்தையும் மேற்பார்வையிட ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்க வேண்டியதாகிவிட்ட இந்நாளில், மைதானமும் பள்ளிக்கட்டடமும் குத்தகைக்குப் போன கதைகளை ஜனங்கள் டீக்கடையில் பேசிக்கொள்ளும் இந்நாளில், மேடையில் எத்தனை வாக்குவல்லமை இருந்தும் வார்த்தை ஏன் ஏறமாட்டேனென்கிறது என்று வியக்கிறவர்கள் அந்த மூதாட்டியின் கேள்வியிலிருந்து தொடங்கலாம். துபாஷி தின்ற கூலிக்காக அன்று குடிகள் நெல்லை மறைத்தார்கள். சொல்லப்படாத கணக்குக்காக இன்று சபையார் செவியை மறைக்கிறார்கள். நம்முடைய குருமார் பலர் கணக்கு வாசிப்பதை ஆராதனையின் பரிசுத்தத்துக்குப் பொருந்தாத லௌகிகமென்று எண்ணி, அறிக்கைப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத கையிலிருந்து பிடி அரிசியை வாங்கிக்கொண்டு, கணக்கைக் காகிதத்தில் ஒட்டுவதை நான் எவ்விதத்திலும் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்தச் சபையின் உபதேசியார் இளைஞர். பாட்டியின் கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்கு என்று வைத்திருந்த நேரத்திலேயே, கணக்கேட்டை மேடைக்கு எடுத்துச் சென்று வரிவரியாக வாசித்தார் என்று பின்னால் அறிந்தேன். மின்கட்டணம், ஒலிபெருக்கி பழுது, மகாசபைக்குச் செலுத்திய பங்கு, இரண்டு பிணியாளருக்கு மருந்துச் செலவு, தமக்கு வரவேண்டிய சம்பளத்தில் பாக்கி நின்ற மாதங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, பாட்டி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, கொட்டகைக்குப் போட்ட தகரம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டார். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, அதையும் சொன்னார். உபதேசியார் சம்பளத்தை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாமே என்று பாட்டி சொல்ல, அதற்கும் மேல் விவாதம் அரைமணி நேரம் நடந்ததாம்.